கண்ணில் படுவது

ஏப்ரல் 2, புதன்

இந்த ஊருக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஏப்ரல் பிறந்தும் பனி பெய்கிறது. மிச்சிகனில் இது வசந்தம் என்கிறார்கள். சொன்னவர்களை மே மாதம் சிவகாசியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அப்போது தெரியும் பருவம் என்றால் என்ன என்று.

இந்த டைரி எங்கள் அச்சகத்தில் அடித்தது. முப்பத்தோரு வருஷம் அங்கே பிழை திருத்துபவளாக உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் 'ராஜகனி அக்காவுக்கு' என்று எழுதி வருஷா வருஷம் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ராகு காலம் போட்டிருக்கிறது. அது ஊர் நேரத்துக்கு. "அந்த நேரத்துல இங்க நீ தூங்கிக்கிட்டு இருப்பேம்மா, உனக்கு ராகு காலமே கிடையாது" என்கிறான் வேலு. வேலு என் ஒரே மகன் கனகவேல். நாளை மறுநாள் கம்பெனி வேலையாக டெக்சாஸ் போகிறான், இரண்டு வாரம். அவன் திரும்பும்வரை வீட்டில் நானும் மருமகள் சிந்துஜாவும் மட்டும்தான்.

சிந்துஜா கோயம்புத்தூர்ப் பெண். இப்போது ஐந்து மாதம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்தத் தடவை நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும். அதற்கு என் பங்குக்கு நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று இருக்கிறது. வந்த நாள் முதல் அதைத் தவறாமல் செய்துவருகிறேன்.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். சிந்துஜா வேலையிலிருந்து வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலு கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது சிந்துஜா கேட்டாள். "அத்தை, உங்க கண்ணாடி உடைஞ்சு போச்சுங்களா?"

"இல்லம்மா. கண்ணு எரியுது."

"நான் வர்றப்ப மட்டும் எரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்த மாதிரிதான் கேட்டது.

என் கண்ணாடி மைனஸ் ஏழு. கழற்றிவிட்டால் ஆள் வெறும் நிறமாகத்தான் தெரிவார். இன்று அவள் மஞ்சளாக இருந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

(பக்கத்தின் தலையில் 'ஞாயறு' என்று அச்சாகியிருக்கிறது. நான் வேலையை விட்டு நாலு வருஷத்தில் இந்த லட்சணம். சிவப்புப் பேனாவால் 'ய'வை 'யி' ஆக்கித் திருத்தினேன்.)

மதியம் பாலே நடனம் பார்க்கப் போனோம். இந்த ஊருக்கென்றே ஒரு பாலே குழு இருக்கிறது. பெரிய பேர் எடுத்த குழு இல்லை. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்க்கிறார்களாம். சிந்துஜா அங்கே சம்பளம் வாங்காமல் சீட்டைப் பார்த்து ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கிறாள். பதிலுக்கு வீட்டு ஆள் ஒருவருக்கு இலவசம். அவள் பின்னால் கதவோரம் நிற்பாள், நான் முன்னால் மேடையைப் பார்ப்பேன். எனக்கு இதைவிட வசதி வேறு இல்லை. கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்று ஆட்டம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. தலைவாழை இலை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வைக்கிறார்கள்.

முதல் ஆட்டத்தில் பன்னிரண்டு பெண்கள், வெள்ளை உடை. கால் விரல் நுனியில் ஏறி நிற்கிறார்கள். செருப்புக்குள் கட்டை ஏதாவது வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மனுஷக் காலுக்கு அது முடியாது. சலங்கை கிடையாது. ஆனால் எல்லோரும் ஒன்றாகக் குதித்து இறங்கும்போது பலகையில் ஒரு சத்தம் கேட்கிறது. அவ்வளவு மெலிந்த பெண்களுக்கும் கனம் உண்டு என்று அப்போதுதான் தெரிகிறது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. என் கண் வழக்கம்போலப் பிழையைத் தேடியது. வரிசையில் நாலாவது பெண்ணுக்குக் கை ஓர் அங்குலம் உயரம். இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் உயரம். மனசுக்குள் வட்டம் போட்டேன். கடைசியில் மேலிருந்து காகிதப் பூவிதழ் கொட்டியது. மேடை முழுக்க வெள்ளை. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

இடைவேளையில் கறுப்புச் சட்டைக்காரர் இருவர் அகலத் துடைப்பத்தோடு வந்து திரையை மூடாமலேயே எல்லாவற்றையும் பெருக்கினார்கள். அச்சகத்தில் காகிதக் கழிவு பெருக்குகிற மாரிச்சாமிகூட இவர்களைவிடச் சுத்தம். இடது முன் மூலையில் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது ஆட்டம் சுத்த மோசம். ஒரு பெஞ்சு, ஓர் ஆண், ஒரு பெண், வெறுங்கால். கதை என்ன என்று சிந்துஜாவிடம் முன்பே கேட்டிருந்தேன். "கதையெல்லாம் இல்லீங்க அத்தை, பார்த்தாப் போதும்" என்றாள். அந்தப் பெண் அவன் பக்கம் வருகிறாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்தப் பக்கம் வருகிறாள், அந்தப் பக்கம் திரும்புகிறான். பதினைந்து நிமிஷமும் இதே கூத்துதான். கடைசியில் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாள். அவன் திரும்புகிறானா இல்லையா என்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தால் இவனுக்கு என்ன குறைந்துவிடும்?

மூன்றாவதற்கு வயலின். திருவிழாக் கூட்டம் மாதிரி ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர். நடுவில் சிவப்புப் பாவாடை கட்டின ஒரு பெண். வாசலில் கொடுத்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் அவள் படம் இருக்கிறது, பெயர் கிளேர். அவள் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு காலில் நின்று பம்பரம்தான். எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிழை தேட மறந்துபோய்விட்டேன். வாயை அடக்கவும் மறந்துபோய்விட்டேன்.

"அடி என் தங்கமே, எம்புட்டு அழகா ஆடுறே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பத்தாவது சுற்றில் விழுந்தாள். ஓரமாகச் சுற்றிக்கொண்டே வந்தவள் கால் வாரித் தொப்பென்று விழுந்தாள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் "எப்படி இருந்துச்சுங்க அத்தை?" என்று சிந்துஜா கேட்டாள். தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று ஓர் அசிங்கம் நடந்துவிட்டது. எழுதித்தான் ஆக வேண்டும்.

சிந்துஜா வேலைக்குப் போன பிறகு அந்த கிளேர் பெண்ணின் படத்தைப் புத்தகத்திலிருந்து தனியாக எடுத்து மேஜையில் நிறுத்தி, கல் உப்பு, ஏழு வரமிளகாய் எடுத்து வலமும் இடமுமாகச் சுற்றினேன். சுற்றி முடித்ததும் மூன்று தடவை துப்பச் சொல்ல வேண்டும். படம் எப்படித் துப்பும்? அவளுக்காக நானே துப்பினேன். அடுப்பில் வாணலியை வைத்து மிளகாயைப் போட்டேன். அவ்வளவுதான். புகை பட்டதும் கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி அலற ஆரம்பித்துவிட்டது. ஒன்று அலறியதும் வீட்டிலிருந்த நாலும் அலறின. பக்கத்து வீட்டு அம்மா செருப்பில்லாமல் பனியில் ஓடிவந்தாள். ஒரே இருமல். அவள்தான் சிந்துஜாவுக்குப் போன் போட்டாள்.

சிந்துஜா பதறியடித்து வந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள், பெட்டிகளை அமர்த்தினாள். மேஜையில் படத்தையும் உப்பையும் பார்த்தாள். ஊர்க்காரி, விளக்கம் தேவைப்படவில்லை.

"யாருக்குங்க அத்தை சுத்தினீங்க? இந்தப் பொண்ணுக்கா?"

"என் கண்ணு பட்டுத்தான் விழுந்தா."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "முகந்தெரியாத பொண்ணுக்கு மொளகா சுத்துறீங்க. என்னைய ஏறிட்டுப் பாக்கக்கூட உங்களுக்கு ஆகலீங்க. வீடியோவுல பேசி ரெண்டு வருஷமாச்சு. நான் வந்தா கண்ணாடியக் கழட்டறீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? என்ன தப்புங்க பண்ணினேன் நான்?"

இதற்கு மேல் எதை மறைப்பது? சொல்லிவிட்டேன்.

இதுவரை இந்த டைரியில்கூட எழுதாததை இப்போது எழுதுகிறேன். சின்ன வயதில் என் அத்தைமார் சொல்வார்கள், இந்தப் பிள்ளை கண் பட்டால் பால் திரிந்துபோகும் என்று. எதிர்வீட்டு முல்லைக் கொடியை ஒருநாள் வியந்தேன், மறுவாரம் பட்டுப்போனது. அதனால்தான் எனக்கு அந்த வேலை பொருந்தியது. பிழையை மட்டும் பார்க்கிற வேலை. எதையும் மெச்ச வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் வீடியோவில் சிந்துஜா பச்சைப் புடவையில் வந்து நின்றாள். மூன்று மாதம், முகம் அப்படி மின்னியது. "எம்புட்டு அழகா இருக்கே, என் கண்ணே பட்டுரும் போல" என்று சொன்னேன். நாலாம் நாள் வேலு போன் பண்ணி அழுதான்.

அன்றிலிருந்து அவளை நான் பார்க்கவில்லை.

சொன்னதும் சிந்துஜா படத்தை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசவில்லை. ரசமும் அப்பளமும். அவள் இன்று சாம்பல் நிறம்.

ஏப்ரல் 10, வியாழன்

சிந்துஜா மதியமே வந்துவிட்டாள். என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றக் கை போனது. "கழட்டிக்குங்க. ஆனா காது கொடுத்துக் கேளுங்க" என்றாள்.

"அந்தப் பொண்ணு விழுந்து ரெண்டு செகண்டுல எந்திரிச்சுட்டாங்க அத்தை. முழுசா ஆடி முடிச்சாங்க. கடைசில மறுபடி அதே மாதிரி சுத்தினாங்க, சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. உங்களுக்குத்தான் தெரியல. நீங்க பாக்கல."

எனக்கு உயிர் வந்தது. எலும்பு ஒன்றும் உடையவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். முழங்கையில் சிராய்ப்பாம். வரும் ஞாயிற்றுக்கிழமையும் ஆடுகிறாளாம்.

"நானுந்தாங்க எந்திரிச்சேன்" என்றாள் சிந்துஜா. குரல் மாறிவிட்டது. "அந்தக் கொழந்த போயி மூணு மாசம் நான் கெடந்த கெடையும் உங்களுக்குத் தெரியாது, எந்திரிச்சு நடந்ததும் தெரியாது. எங்கம்மா இல்லீங்க. நீங்க வந்து ஒரு தடவ மூஞ்சியப் பாத்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்டிருந்தாப் போதுங்க எனக்கு. நீங்க என்னைய வெறுக்கறீங்கன்னே நெனச்சுட்டு இருந்தேன்."

நான் அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு நான் பண்ணிய பெரிய தீங்கு இதுதான். நல்லது செய்கிறேன் என்று நினைத்து இரண்டு வருஷமாக ஒழுங்காகப் பண்ணியிருக்கிறேன்.

கொஞ்சம் ஆறியதும், அந்த கிளேர் எப்படி விழுந்தாள் என்று கேட்டேன்.

"மொத ஆட்டத்துல கொட்டுன காகிதப் பூவு ஒரு மூலைல கெடந்துச்சாமுங்க. அதுல வழுக்கிட்டாங்க."

"இடது முன் மூலை" என்றேன்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"பெருக்குறப்பவே பாத்தேன். விட்டுட்டுப் போனானுக."

"பாத்துட்டுச் சொல்லலீங்களா?"

யாரிடம் சொல்வது? எந்த மொழியில் சொல்வது? பிழையைப் பார்த்தேன், மாரிச்சாமியை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சிந்துஜா மெதுவாகச் சொன்னாள். "அப்ப உங்க கண்ணு படலீங்க அத்தை. உங்க கண்ணுல பட்டிருக்கு."

முப்பத்தோரு வருஷம் எழுத்தெண்ணி வாசித்தவள் நான். கண் பட்டது. கண்ணில் பட்டது. நடுவில் ஓர் 'இல்' விட்டுப்போயிருக்கிறது. இத்தனை நாளாக அந்தப் பிழை என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

அந்த முல்லைக் கொடியை நினைத்துக்கொண்டிருந்தேன். அடியில் கரையான் புற்று இருந்தது. அதையும் நான் பார்த்திருந்தேன்.

ஏப்ரல் 12, சனி

ஆனாலும் ஒரே ராத்திரியில் மாறிவிட முடியாது. காலையில் கண்ணாடியோடு அடுப்படிக்குப் போனேன். சிந்துஜாவின் கை தெரிந்தது, வளையல் தெரிந்தது, கழுத்து வரை போனேன். அதற்கு மேல் முடியவில்லை, தோசையைத் திருப்பப் போய்விட்டேன். நாளைக்கு மறுபடி பாலே பார்க்க வருவதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

(இந்தப் பக்கத்தில் 'ஞாயிறு' சரியாக இருக்கிறது.)

சிந்துஜா போன வாரத்து இருக்கையே பிடித்துக் கொடுத்தாள். வெள்ளைப் பெண்கள் வந்தார்கள். நாலாவது பெண்ணின் கை இன்னும் ஓர் அங்குலம் உயரம்தான். யாரும் திருத்தவில்லை போல. இந்தத் தடவை பார்த்துக்கொண்டே இருந்தேனா, எல்லோரும் ஒரே மாதிரி நிற்கும்போது அந்த ஒரு கைதான் உயிரோடு இருக்கிற மாதிரி தோன்றியது. போட்ட வட்டத்தை அழித்துவிட்டேன். பூவிதழ் கொட்டியது. மறுபடியும் வாய் பிளந்தேன், வெட்கமில்லாமல்.

இடைவேளையில் துடைப்பக்காரர்கள் வந்தார்கள். போன வாரம் சூடு பட்டதால் இடது மூலையை இரண்டு தடவை பெருக்கினார்கள். சரி, நமக்கு வேலை இல்லை என்று சாய்ந்து உட்காரப் போனேன். வலது பக்கம், திரைச்சீலையின் அடிமடிப்பில் ஒரு கைப்பிடி இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் மேடைக்கு வந்துவிடும். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன். ஓட்டம் என்றால் என் வயதுக்கு ஏற்ற ஓட்டம்.

"ஏத்தா, வலப்பக்கத் திரைக்கு அடியில கெடக்கு. போய்ச் சொல்லு, சீக்கிரம்!"

சிந்துஜா என்ன ஏது என்று கேட்கவில்லை. காதில் மாட்டியிருந்த கருவியில் யாரிடமோ பேசினாள். ஒரு நிமிஷத்தில் கறுப்புச் சட்டைக்காரர் ஓடிவந்து திரையை உதறி எல்லாவற்றையும் அள்ளினார். அள்ளிவிட்டு எங்கள் பக்கம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அச்சகத்தில்கூட எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டாவது ஆட்டத்தைப் போன வாரம் மோசம் என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அவன் கையைக் கவனித்தேன். அவள் அருகே வரும்போதெல்லாம் விரல்கள் அவள் பக்கம் நீண்டு, பிறகு சுருங்குகின்றன. அவனுக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. பயம். மடையன். கடைசியில் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். விளக்கு மங்கியது. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். அவன் திரும்புகிறான். விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்பே தலை திரும்பிவிடுகிறது. போன வாரம் என் எரிச்சலில் அதை நான் தவறவிட்டிருக்கிறேன்.

மூன்றாவது. வயலின். கிளேர். முழங்கையில் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி போட்டிருந்தாள், என் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? சுற்ற ஆரம்பித்தாள். என் கை கண்ணாடிக்குப் போனது. தொடையில் வைத்து இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டேன். எட்டு, ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. கையை விரித்து நின்றாள். சும்மா, தெருமுனையில் நிற்கிற மாதிரி சாதாரணமாக நின்றாள்.

"அடி என் தங்கமே!" என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண்ணாடி முழுக்க ஈரம்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை 1

கோயம்புத்தூர்ப் பக்கம் இன்று கனி காண்பார்கள். எங்கள் ஊரிலும் சில வீடுகளில் உண்டு. முந்தின நாளே ஒரு தட்டில் பழம், பூ, வெற்றிலை, நகை எல்லாம் பரப்பி நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துவிடுவார்கள். காலையில் எழுந்ததும் கண்ணை மூடியபடியே வந்து முதல் பார்வையாக அதைப் பார்க்க வேண்டும். வருஷத்தில் முதலில் கண்ணில் படுவது நல்லதாக இருக்க வேண்டும் என்று.

காலையில் சிந்துஜா வந்து எழுப்பினாள். "கண்ணத் தொறக்காதீங்க அத்தை" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மாம்பழ வாசனை வந்தது. மெக்சிகோ மாம்பழம், வாசனை கொஞ்சம் குறைவுதான். "இப்பத் தொறங்க" என்றாள்.

நான் திறக்கவில்லை.

"ஏனுங்க அத்தை?"

"தட்டு இருக்கட்டும். நீ அதுக்கு முன்னால வந்து நில்லு, தாயி. என் கண்ணாடிய எடுத்துக் குடு."

தாயி என்று அவளை நான் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவள் நகர்வது கேட்டது. கொலுசுச் சத்தம் நின்றது. கண்ணாடியை அவளே என் காதில் மாட்டிவிட்டாள்.

திறந்தேன்.

இரண்டு வருஷத்தில் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். இடது புருவத்தின் மேல் ஒரு பரு. நெற்றியில் குங்குமம் ஓரமாகக் கலைந்திருக்கிறது. தலை சீவவில்லை. வேலுவின் பழைய சட்டை, அதற்குள் வயிறு நன்றாக மேடிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்று விடாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். அவளும் அசையாமல் நின்றாள்.

"எம்புட்டு அழகா இருக்கே, தாயி" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வயிற்றைப் பார்த்தும் சொன்னேன். பிறகு இருவரும் மாம்பழத்தை நறுக்கிச் சாப்பிட்டோம். டெக்சாஸில் இருக்கிற வேலுவை வீடியோவில் கூப்பிட்டேன். கண்ணாடியோடு சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று பயந்துவிட்டான்.

எதற்கும் இருக்கட்டும் என்று சாயங்காலம் அவளை உட்காரவைத்து உப்பு மட்டும் சுற்றிக் குழாயடியில் கரைத்துவிட்டேன். மிளகாய் வேண்டாம் என்று கூரைப் பெட்டியைக் காட்டி அவளே சொல்லிவிட்டாள். மூன்று தடவை துப்பச் சொன்னேன். சிரித்துக்கொண்டே துப்பினாள்.